ஆக்கச் சிந்தனை ஆய்வுகளை வரைபடமாக்குவது எப்படி? நூலளவையியலுக்குப் புதியவர்களுக்கு டர்பனிலிருந்து ஒரு வழிகாட்டி

டர்பனில் கல்வியியலிலோ உளவியலிலோ முதுகலை, முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிந்தவர்களிடம் வழிகாட்டிகள் இப்போதெல்லாம் அடிக்கடி சொல்வது இதுதான்: "முதலில் ஒரு பிப்லியோமெட்ரிக் அனாலிசிஸ் செய்துகொண்டு வா, துறை எங்கே நிற்கிறது என்று பார்ப்போம்." நூலளவையியல் என்று தமிழில் சொல்வது இதைத்தான்: ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களையும் மேற்கோள்களையும் எண்ணி, ஒரு துறையை வரைபடமாக்குவது. மாணவரும் யூடியூபைப் பார்த்து மென்பொருளை இறக்கி, ஒரே மாலையில் வண்ண வண்ணக் குமிழிகளோடு ஒரு படத்தைப் போட்டுவிடுவார். அந்தப் படம் என்ன சொல்கிறது என்று கேட்டால்தான் சிக்கல்.

அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கும், மாட்டப் போகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டிலிருந்து இங்கே ஆய்வுக்கு வந்திருப்பவர்கள், டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஆசிரியர்கள் என இருவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டது, ஆங்கிலத்தில் 'ப்ரொடக்டிவ் திங்கிங்' என்று சொல்லப்படும் ஆக்கச் சிந்தனை. வேறு தலைப்பு என்றாலும் படிகள் இவையேதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருளில் பொத்தான் அழுத்தும் வேலை அரை மணி நேரம்தான். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினீர்கள், வந்த தரவை எப்படித் துப்புரவு செய்தீர்கள் என்பதில்தான் ஆய்வே இருக்கிறது. அதனால் இங்கே பொத்தான்களைப் பற்றிக் குறைவாகவும் மற்றதைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

துறையின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

வரைபடம் சரியா தப்பா என்று சொல்ல, அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். ஆக்கச் சிந்தனையின் வேர் ஜெர்மன் உளவியலில் இருக்கிறது. ஓட்டோ செல்ஸ் 1922-இல் இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்து எழுதினார். கார்ல் டுங்கர் 1935-இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் ஆங்கில வடிவம் 1945-இல் வந்தது. மேக்ஸ் வெர்தைமர் 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறி நியூயார்க்கில் பணியாற்றி, 1943-இல் காலமானார். ஆக்கச் சிந்தனையைப் பற்றிய அவருடைய நூல் இறப்புக்குப் பிறகு, 1945-இல் வெளியானது.

வெர்தைமர் சொன்ன வகுப்பறை உதாரணத்தை இந்தத் துறையில் கால் வைக்கிற எல்லாரும் அறிந்திருப்பது நல்லது. ஓர் ஆசிரியர் இணைகரத்தின் பரப்பளவு காண்பதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: மேல் மூலைகளிலிருந்து செங்குத்துக் கோடு இறக்கு, அடியை உயரத்தால் பெருக்கு. பிள்ளைகள் மளமளவென்று கணக்குப் போடுகிறார்கள். வெர்தைமர் அதே வடிவத்தைத் திருப்பி, நெட்டுக்குத்தாக நிற்கும்படி வரைந்து கொடுக்கிறார். சிலர் "இது எங்களுக்கு இன்னும் நடத்தவில்லை" என்கிறார்கள். சிலர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் செய்துவிடுகிறார்கள். கற்றதைத் திருப்பிச் செய்வது ஒன்று, அமைப்பைக் கண்டு புதிதாக வழி காண்பது வேறு. இந்த இரண்டாவதைத்தான் அவர்கள் ஆக்கச் சிந்தனை என்றார்கள்.

அப்புறம் 1950-இல் உளவியலாளர் கில்ஃபோர்ட் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைமை உரையில் படைப்பாற்றலைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு 'கிரியேட்டிவிட்டி' என்ற சொல் பெருவெள்ளமாகப் பாய்ந்தது. ஆக்கச் சிந்தனை அதற்குள்ளும், 'பிராப்ளம் சால்விங்', 'இன்சைட்' ஆகிய ஓடைகளுக்குள்ளும் கலந்துவிட்டது. இந்தக் கலப்புதான் தேடலில் நமக்குத் தலைவலியைத் தரப்போகிறது.

நூலளவையியலும் நமக்கு அந்நியமான சங்கதி இல்லை. 'பிப்லியோமெட்ரிக்ஸ்' என்ற அதன் ஆங்கிலப் பெயரை 1969-இல் ஆலன் பிரிட்சர்ட் பரப்பினார். ஆனால் சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1948-இலேயே இங்கிலாந்தில் ஒரு நூலக மாநாட்டில் நூலகப் பணியைப் புள்ளியியல் கொண்டு அளக்க வேண்டும் என்று பேசி, அதற்கு 'லைப்ராமெட்ரி' என்று பெயரும் வைத்தார். அவர் அடிப்படையில் கணித ஆசிரியர்.

முதல் படி: கேள்வி

"ஆக்கச் சிந்தனை ஆய்வின் போக்குகள்" என்பது தலைப்பு, கேள்வி ஆகாது. நூலளவையியல் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் மூன்று வகை. யார் யாரோடு சேர்ந்து எழுதுகிறார்கள் என்பது ஒன்று. அதற்குக் கூட்டாசிரியர் வலை. எந்தக் கருத்துகள் சேர்ந்து வருகின்றன என்பது இரண்டாவது. அதற்குத் திறவுச்சொல் இணைவரவு. இந்தத் துறை எந்த முன்னோர் தோளில் நிற்கிறது என்பது மூன்றாவது. அதற்கு இணைமேற்கோள் ஆய்வு, அதாவது இரண்டு நூல்கள் ஒரே கட்டுரையில் எத்தனை முறை சேர்ந்து மேற்கோள் காட்டப்படுகின்றன என்று எண்ணுவது. 1973-இல் ஹென்றி ஸ்மால் இதை முன்வைத்தார்.

மூன்றையும் செய்யாதீர்கள். முதுகலைக்கு ஒன்றோ இரண்டோ போதும். ஆக்கச் சிந்தனைக்கு என்றால் இரண்டாவதையும் மூன்றாவதையும் எடுக்கச் சொல்வேன். ஆசிரியர் வலை பெரும்பாலும் சிதறிய தீவுகளாகத்தான் வரும். அதைப் பார்த்து எழுத அதிகம் இருக்காது.

இரண்டாம் படி: எந்தத் தரவுத்தளம்?

பல்கலைக்கழகக் கணக்கு இருந்தால் ஸ்கோப்பஸ் அல்லது வெப் ஆஃப் சயன்ஸ்; இரண்டும் ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களையும் மேற்கோள்களையும் தொகுத்து வைக்கும் கட்டணத் தரவுத்தளங்கள். எது உங்கள் நூலகத்தில் இருக்கிறது என்று அதன் தரவுத்தளப் பட்டியலில் பாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய நூலக இணையதளம் வழியாக உள்நுழைய வேண்டும், நேரடியாகத் தளத்துக்குப் போனால் முழு வசதி கிடைக்காமல் போகலாம். கல்வியியல், உளவியல் தலைப்புக்கு முதல் முறை செய்பவர் ஸ்கோப்பஸை எடுப்பது சுலபம். இதழ்களின் பரப்பு அதிகம், இறக்குவதும் எளிது. வெப் ஆஃப் சயன்ஸில் மேற்கோள்களோடு கூடிய முழுப் பதிவை 500, 500 ஆகத்தான் இறக்க முடியும்.

கணக்கு இல்லாதவர்களுக்கு ஓப்பன்அலெக்ஸ், லென்ஸ் என்று இரண்டு இலவசத் தளங்கள். மைக்ரோசாஃப்ட் தன் கல்வித் தரவுத்தளத்தை 2021 முடிவில் மூடியபோது, அந்த இடத்தை நிரப்ப 2022 தொடக்கத்தில் வந்தது ஓப்பன்அலெக்ஸ். பரப்பில் பெரியது. ஆனால் அதில் திறவுச்சொல் என்று இருப்பது ஆசிரியர் எழுதியது இல்லை, கணினி ஒட்டியது. திறவுச்சொல் இணைவரவுதான் உங்கள் ஆய்வு என்றால் இது அடித்தளத்தையே ஆட்டிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் இருந்து செய்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஸ்கோப்பஸிலும் வெப் ஆஃப் சயன்ஸிலும் ஆப்பிரிக்க இதழ்கள் குறைவு. மகாண்டாவில் இருந்து இயங்கும் 'ஆப்பிரிக்கன் ஜர்னல்ஸ் ஆன்லைன்' தளத்திலும், 'சைலோ' தென்னாப்பிரிக்கத் தொகுப்பிலும் உள்ள பல கட்டுரைகள் அங்கே கண்ணில் படாது. அதோடு, இங்கே உயர்கல்வித் துறை அங்கீகரித்த பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை வந்தால் பல்கலைக்கழகத்துக்கு அரசு மானியம் உண்டு. எந்த இதழுக்குக் கட்டுரை போகிறது என்பதை அதுவும் தீர்மானிக்கிறது. ஆக, உங்கள் வரைபடத்தில் இந்த நாடு சின்னப் புள்ளியாக வந்தால், "இங்கே ஆக்கச் சிந்தனை ஆய்வு இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். "இந்தத் தரவுத்தளத்தில் குறைவாகத் தெரிகிறது" என்று எழுதுங்கள்.

இரண்டு தரவுத்தளங்களைச் சேர்ப்பது முதல் முறைக்கு வேண்டாம். மேற்கோள்களை இரண்டும் வெவ்வேறு வடிவில் எழுதுகின்றன. அவற்றை ஒன்றாக்கும் வேலையிலேயே ஒரு பருவம் போய்விடும்.

மூன்றாம் படி: தேடல் தொடர்

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

முதலில் 'ப்ரொடக்டிவ் திங்கிங்' என்ற தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் ஆங்கிலத்தில் போட்டு, தலைப்பு, சுருக்கம், திறவுச்சொல் ஆகிய மூன்றில் மட்டும் தேடுங்கள். ஸ்கோப்பஸில் இரட்டை மேற்கோள் கொஞ்சம் நெகிழ்வாகத் தேடும். நெளிவு அடைப்புக்குறி எழுத்துக்கு எழுத்து அதே தொடரைத் தேடும். வந்த முடிவுகளில் முதல் ஐம்பதை உட்கார்ந்து கண்ணால் படியுங்கள், சுருக்கத்தோடு. இந்த ஐம்பதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் கடைசியில் திண்டாடுகிறார்கள்.

படிக்கும்போது மூன்று வகை தெரியும். உண்மையிலேயே ஆக்கச் சிந்தனையை ஆராயும் கட்டுரைகள் முதல் வகை. "இந்த முறை ஊழியர்களிடம் ஆக்கச் சிந்தனையைத் தூண்டும்" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டு வேறு எதையோ பேசும் கட்டுரைகள் இரண்டாவது. பக்கத்து வீட்டுக் கருத்துகள் மூன்றாவது: கணிதக் கல்வியில் வரும் 'ப்ரொடக்டிவ் ஸ்ட்ரகிள்', மனு கபூர் முன்வைத்த 'ப்ரொடக்டிவ் ஃபெயிலியர்' (முதலில் தானே முயன்று தவறிவிட்டு, பிறகு பாடம் கற்பது) போன்றவை. இவை பெயரில் மட்டும் உறவா, கருத்திலும் உறவா என்று நீங்கள் முடிவெடுத்து, காரணத்தோடு எழுதி வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் ப்ரொடக்டிவ் ஃபெயிலியரை வெளியே விடுவேன். அதற்கென்று தனி மரபு வளர்ந்துவிட்டது. உள்ளே விட்டால் உங்கள் படத்தில் பாதியை அது பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, தேடலை எவ்வளவு விரிப்பது? மூன்று வளையமாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்வளையம் அந்தத் தொடர் மட்டும். நடுவளையம் அதே குடும்பத்துச் சொற்கள்: டுங்கரின் 'ஃபங்ஷனல் ஃபிக்ஸட்னஸ்' (தீப்பெட்டி போன்ற ஒரு பெட்டியை ஆணி வைக்கும் பெட்டியாக மட்டும் பார்த்து, மெழுகுவர்த்திக்கு மேடையாகப் பார்க்கத் தவறும் மனத்தடை), 'இன்சைட் பிராப்ளம் சால்விங்', லுச்சின்ஸின் தண்ணீர்ச் சாடிச் சோதனையில் இருந்து வந்த 'ஐன்ஸ்டெல்லுங்' (எளிய வழி இருந்தும் பழகிய வழியையே பிடித்துக்கொள்வது). வெளிவளையம் படைப்பாற்றல், விரிசிந்தனை ('டைவர்ஜென்ட் திங்கிங்'). வெளிவளையத்துக்குப் போகாதீர்கள். படைப்பாற்றல் என்று போட்டால் பல்லாயிரம் கட்டுரைகள் வந்து கொட்டும். அதற்குள் ஆக்கச் சிந்தனை காணாமல் போய்விடும். உள்வளையத்தில் மட்டும் தேடினால் எண்ணிக்கை சிறிதாக இருக்கலாம். ஐந்நூறுக்கு மேல் இருந்தால் நூலளவையியல், அதற்கு மிகவும் கீழே என்றால் முறையான இலக்கிய மீளாய்வு என்பது பலரும் சொல்லும் தோராயக் கணக்கு. உள்வளையமும் நடுவளையமும் சேர்ந்தால் பெரும்பாலும் வேலைக்கு ஆகும்.

சில பொறிகள்:

'ப்ரொடக்டிவ்' என்ற சொல்லை வெட்டி, நட்சத்திரக் குறி போட்டுத் தேடாதீர்கள். தொழிற்சாலை உற்பத்தித்திறனும் சோள விளைச்சலும் வந்து நிற்கும்.

மொழியை ஆங்கிலம் என்று தேடும்போதே கட்டுப்படுத்தாதீர்கள். மரபே ஜெர்மன் மரபு. வேண்டுமானால் வடிகட்டும் கட்டத்தில் நீக்கிவிட்டு, எத்தனை நீக்கினோம் என்று எழுதுங்கள்.

நடக்கும் ஆண்டைச் சேர்க்காதீர்கள். ஆண்டு முடியவில்லை, தரவுத்தளத்தில் ஏறவும் தாமதமாகும். சேர்த்தால் வளைவு கடைசியில் மலையுச்சியில் இருந்து விழுவது போல இறங்கும். "அண்மையில் ஆர்வம் குறைந்துள்ளது" என்று யாராவது எழுதியும் விடுவார்கள்.

நான்காம் படி: இறக்குவது

ஸ்கோப்பஸில் முடிவுகளைத் தேர்ந்து சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பத்திகளைப் பிரிக்கும் அட்டவணைக் கோப்பு) இறக்கும்போது, தானாகத் தேர்வாகி இருப்பது தலைப்பு, ஆசிரியர், ஆண்டு போன்ற அடிப்படை விவரம் மட்டும். சுருக்கம், திறவுச்சொல், மேற்கோள் பட்டியல் ஆகியவற்றுக்கான கட்டங்களை நீங்கள்தான் தட்ட வேண்டும். மறந்தால் மென்பொருள் "திறவுச்சொல் எதுவும் இல்லை" என்று சொல்லும், நீங்கள் மென்பொருளைத் திட்டிக்கொண்டு இருப்பீர்கள்.

இறக்கிய மூலக் கோப்பை ஒரு தனி உறையில் போட்டு, தேதியைப் பெயரில் வைத்து, அப்புறம் தொடவே தொடாதீர்கள். வேலை எல்லாம் நகலில்தான். முக்கியமாக எக்ஸெலில் திறந்து சேமிக்காதீர்கள். ஜெர்மன் பெயர்களின் எழுத்துக் குறிகள் குப்பையாகிவிடும். இன்னொரு உள்ளூர்த் தொல்லை: வட்டார அமைப்பு தென்னாப்பிரிக்கா என்று இருக்கும் பல கணினிகளில் தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி. அந்தக் கணினியில் எக்ஸெல் சேமிக்கும் கோப்பில் பத்திகளுக்கு நடுவே அரைப்புள்ளி வந்து உட்காரும். மென்பொருளுக்கு அது புரியாது. எக்ஸெலில் பார்க்கத்தான் வேண்டும் என்றால் 'டேட்டா' பட்டி வழியாக, எழுத்து முறை யூடிஎஃப்-8, பிரிக்கும் குறி காற்புள்ளி என்று சொல்லி உள்ளே இழுங்கள்.

வடிகட்டும்போது எத்தனை வந்தன, எத்தனை எதற்காக நீங்கின என்பதை, முறையான மீளாய்வுகளுக்கான பிரிஸ்மா நெறிமுறையின் ஓட்டப்படமாகப் போடுவது வழக்கம்.

ஐந்தாம் படி: துப்புரவு

மூன்று இடத்தில் அழுக்கு இருக்கும்.

*திறவுச்சொற்கள்.* ஸ்கோப்பஸில் இரண்டு வகை உண்டு. ஆசிரியரே கொடுத்தவை ஒன்று. தரவுத்தளம் சேர்த்தவை இன்னொன்று. இரண்டாவதில் 'ஹியூமன்', 'ஆர்ட்டிகிள்', 'அடல்ட்', 'மேல்', 'ஃபீமேல்' என்று வந்து குவியும். ஆசிரியர் திறவுச்சொற்களையே எடுங்கள்.

அதற்குப் பிறகு, ஆறாம் படியில் வரும் விஓஎஸ்வியூவர் என்ற வரைபட மென்பொருளுக்காக ஒரு சொற்கோப்பு ('தெஸாரஸ்') தயாரிக்க வேண்டும். நோட்பேடைத் திறந்து, முதல் வரியில் 'லேபிள்', 'ரீப்ளேஸ் பை' என்ற இரு தலைப்புகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்து, நடுவே ஒரு டேப். கீழே ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் மாற்ற வேண்டிய சொல், டேப், வலப்பக்கம் மாறி வர வேண்டிய சொல். 'பிராப்ளம் சால்விங்' என்பது இணைப்புக்கோட்டோடும் கோடு இல்லாமலும் வரும். ஒருமை, பன்மை என்று 'ஸ்டூடண்ட்', 'ஸ்டூடண்ட்ஸ்' வரும். அமெரிக்க, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் வரும். இவற்றை ஒன்றாக்குங்கள். வலப்பக்கத்தைக் காலியாக விட்டால் அந்தச் சொல் படத்திலிருந்தே நீங்கிவிடும். 'ஸ்டடி', 'அனாலிசிஸ்' போன்ற ஒன்றும் சொல்லாத சொற்களுக்கு இது உதவும்.

எதை ஒன்றாக்கக் கூடாது என்பதும் முக்கியம். 'ப்ரொடக்டிவ் திங்கிங்', 'கிரியேட்டிவ் திங்கிங்' இரண்டும் ஒன்றுதானே என்று ஒரே பெயரில் போட்டுவிட்டால், இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்ற கேள்வியையே அழித்துவிட்டீர்கள். அதே போல 'இன்சைட்' என்பது உளவியலில் ஒரு பொருள், மேலாண்மைக் கட்டுரையில் வேறு பொருள். சந்தேகம் வந்தால் கட்டுரையைத் திறந்து பாருங்கள்.

*பெயர்கள்.* குவாசுலு-நடாலில் இருக்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். கோவெண்டர், பிள்ளை, நாயுடு, மூட்லி, செட்டி, படையாச்சி. ஒரு பல்கலைக்கழகத் தொலைபேசிப் பட்டியலைத் திறந்தால் கோவெண்டர் மட்டும் எத்தனை! தரவுத்தளம் குடும்பப் பெயரையும் ஒற்றை எழுத்தையும் மட்டும் கொடுக்கும்போது, 'எஸ் கோவெண்டர்' என்ற ஒரே குமிழிக்குள் பல் மருத்துவரும், கணக்கியல் விரிவுரையாளரும், கல்வியியல் பேராசிரியரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். மென்பொருள் அவர்களை ஒரே ஆளாக்கி, "அதிகம் எழுதியவர்" பட்டமும் கொடுத்துவிடும்.

நேர் எதிரான சிக்கலும் உண்டு. படையாச்சி என்ற பெயரையே ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள், மூட்லிக்கும் அப்படியே. தமிழ்நாட்டிலிருந்து எழுதுபவர்களுக்கு முன்னெழுத்து அப்பா பெயர் என்பதால், அது ஒரு கட்டுரையில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மற்றொன்றில் விரித்து எழுதிக் குடும்பப் பெயராகவே மாறி நிற்கும். ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். ஸ்கோப்பஸின் ஆசிரியர் எண், ஆர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் உள்ள தனி அடையாள எண்) இரண்டையும் வைத்து, குறைந்தது முதல் முப்பது பெயர்களையாவது கையால் சரிபாருங்கள்.

நிறுவனப் பெயர்களுக்கும் இதே கதை. நடால் பல்கலைக்கழகமும் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் 2004-இல் இணைந்துதான் குவாசுலு-நடால் பல்கலைக்கழகம் ஆனது. பழைய கட்டுரைகளில் பழைய பெயர்களே இருக்கும். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் டெக்னிகான் எனப்பட்ட இரண்டு தொழில்நுட்பக் கல்லூரிகள் 2002-இல் இணைந்து வந்தது. இந்த வரலாறு தெரியாத ஒருவர் செய்தால், 2004-இல் ஒரு பல்கலைக்கழகம் திடீரென்று முளைத்து இரண்டு மறைந்தது போலப் படம் காட்டும். ஒன்றாக்குவதா, தனித்தனியாக விடுவதா என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. எப்படிச் செய்தாலும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

*மேற்கோள்கள்.* இணைமேற்கோள் ஆய்வு செய்பவர்களுக்கு இது உயிர்நாடி. வெர்தைமரின் நூல் 1945 பதிப்பு, 1959-இன் விரிவாக்கப் பதிப்பு, 1982 பதிப்பு என்று பல ஆண்டுகளில் மேற்கோளாகும். டுங்கருக்கு 1935 ஜெர்மன், 1945 ஆங்கிலம் என்று இரண்டு. போதாததற்குப் பதிப்பகம் சேர்த்தும் சேர்க்காமலும், முன்னெழுத்தோடும் இல்லாமலும் வரும். ஒன்றாக்காவிட்டால், துறையின் ஆணிவேரான நூல் நாலைந்து சின்னக் குமிழிகளாக உடைந்து, ஒவ்வொன்றும் படத்தில் இடம்பெற நீங்கள் வைக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே விழுந்து, படத்திலேயே இல்லாமல் போகலாம். இவற்றுக்கும் சொற்கோப்பு முறைதான். மென்பொருள் காட்டும் மேற்கோள் வரியை அப்படியே நகலெடுத்து இடப்பக்கத்தில் ஒட்டுங்கள்.

இன்னொன்று: ஸ்கோப்பஸில் மேற்கோள் பட்டியல்கள் 1970-க்குப் பிந்தைய கட்டுரைகளுக்குத்தான் சீராக இருக்கின்றன. ஐம்பதுகளில் யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று இதை வைத்துப் பேச முடியாது.

ஆறாம் படி: படம்

புதியவர்களுக்கு விஓஎஸ்வியூவர். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் வான் எக், வால்ட்மன் இருவரும் உருவாக்கியது; இலவசம்; ஜாவா இருந்தால் ஓடும். 'க்ரியேட்' அழுத்தி, நூல்விவரத் தரவிலிருந்து வரைபடம் என்பதைத் தேர்ந்து, கோப்பைக் காட்டுங்கள். அப்புறம் இணைவரவு, ஆசிரியர் திறவுச்சொல். அந்தப் பக்கத்தின் கீழேயே சொற்கோப்பைக் கேட்கும் இடம் இருக்கும், விட்டுவிடாதீர்கள். அடுத்து ஒரு சொல் குறைந்தபட்சம் எத்தனை முறை வர வேண்டும் என்று கேட்கும். தானாக 5 என்று இருக்கும். தரவு சிறிதென்றால் 3 போட்டுப் பாருங்கள். கடைசிப் பட்டியலை ஒருமுறை கண்ணால் ஓட்டிவிட்டு முடியுங்கள். மின்வெட்டு அட்டவணை உள்ள நாளில் வரைபடக் கோப்பையும் வலைக் கோப்பையும் உடனுக்குடன் சேமிப்பது நல்லது.

கொஞ்சம் பழகியவர்களுக்கு பிப்லியோமெட்ரிக்ஸ். இத்தாலியின் அரியா, குக்குருல்லோ இருவரும் 2017-இல் அறிமுகப்படுத்தியது; புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் நிரல்மொழியில் இயங்கும் தொகுப்பு. நிரல் எழுத வராதவர்கள் பயப்பட வேண்டாம். பிப்லியோஷைனி என்ற கட்டளையைக் கொடுத்தால் உலாவியில் பட்டிகளோடு திறக்கும். ஆண்டுவாரி வளர்ச்சி, கருப்பொருள் வரைபடம், காலப் பிரிவுகளாகக் கருப்பொருள் மாறும் ஓட்டம் ஆகியவை இதில் நன்றாக வரும்.

ஏழாம் படி: படத்தைப் படிப்பது

குமிழியின் அளவு எத்தனை முறை என்பதையும், தூரம் உறவின் நெருக்கத்தையும், நிறம் எந்தக் கொத்து ('கிளஸ்டர்') என்பதையும் காட்டும். மேலே, கீழே, இடம், வலம் என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. "சிவப்புக் கொத்து மையத்தில் இருப்பதால் முக்கியமானது" என்று எழுத வேண்டாம். ஒரு கொத்துக்கு எந்த நிறம் வந்தது என்பதற்கும் தனி அர்த்தம் கிடையாது.

கொத்துக்குப் பெயர் வைப்பதுதான் ஆய்வாளரின் வேலை. சொற்களை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் ஜோசியம் ஆகிவிடும். ஒவ்வொரு கொத்திலும் அதிகம் மேற்கோள் பெற்ற பத்துக் கட்டுரை, ஆகப் புதிய ஐந்து கட்டுரை ஆகியவற்றின் சுருக்கத்தைப் படித்துவிட்டுப் பெயர் வையுங்கள். கணிதக் கல்வி பற்றிய கொத்து என்று நீங்கள் நினைத்தது, உண்மையில் ஒரே கணக்கை வைத்துச் செய்த ஆய்வகச் சோதனைகளாக இருக்கலாம்.

ஆண்டை நிறமாகக் காட்டும் 'ஓவர்லே' படத்தில் பலர் வழுக்குகிறார்கள். அது காட்டுவது சராசரி வெளியீட்டு ஆண்டு. அறுபதுகளிலும் இப்போதும் பேசப்படும் ஒரு சொல்லுக்குச் சராசரி தொண்ணூறுகளில் வந்து நிற்கும். ஆனால் தொண்ணூறுகளில் அதைப் பற்றி யாரும் எழுதியே இருக்க மாட்டார்கள். ஆக்கச் சிந்தனை போன்ற பழைய தலைப்பில் இது கட்டாயம் நடக்கும். முக்கியச் சொற்களுக்கு மட்டும் ஆண்டுவாரி எண்ணிக்கையைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.

பிப்லியோஷைனியின் கருப்பொருள் வரைபடத்தில் இடது கீழ்க்கட்டம் "எழுகிற அல்லது தேய்கிற" கருப்பொருள் என்று இருக்கும். இரண்டில் எது என்று படம் சொல்லாது. காலத்தை இரண்டு மூன்று பிரிவாக வெட்டி, அந்தச் சொல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இணைமேற்கோள் படத்தில் வெர்தைமரும் டுங்கரும் கில்ஃபோர்டும் எங்கே நிற்கிறார்கள் என்று முதலில் தேடுங்கள். டுங்கரே இல்லை என்றால் புதுக் கண்டுபிடிப்பு என்று துள்ள வேண்டாம். மேற்கோள் துப்புரவுக்குத் திரும்பிப் போங்கள். இருந்தும் ஒருவருக்கொருவர் வெகுதூரம் என்றால், அது எழுத வேண்டிய விஷயம்: ஒரே பெயரில் இரண்டு மரபுகள் ஒன்றையொன்று படிக்காமல் ஓடுகின்றனவா என்ற கேள்வி அங்கே பிறக்கிறது.

முடிவு உறுதியானதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. குறைந்தபட்ச அளவை 3, 5, 7 என்று மாற்றிப் படம் போடுங்கள். மூன்றிலும் நிற்கும் கொத்தைப் பற்றி மட்டும் தைரியமாக எழுதுங்கள்.

எழுதும்போது

முறையியல் பகுதியில் இவை கட்டாயம்: தரவுத்தளம், தேடிய தேதி, தேடல் தொடர் எழுத்துப் பிசகாமல், வடிகட்டிய எண்ணிக்கைகள், மென்பொருளின் பதிப்பு எண், குறைந்தபட்ச அளவுகள், எண்ணும் முறை முழு எண்ணிக்கையா பின்ன எண்ணிக்கையா (மென்பொருளில் 'ஃபுல் கவுண்டிங்', 'ஃப்ராக்ஷனல் கவுண்டிங்') என்பது. தேடல் தொடரைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ விளக்கி எழுதுவது போதாது; மற்றவர் அப்படியே ஒட்டித் தேட முடிய வேண்டும்.

மேற்கோள் எண்ணிக்கையைத் தரத்தின் அளவாக எழுதாதீர்கள். ஆய்வு மதிப்பீட்டைப் பற்றிய 2012-இன் சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் 2015-இன் லைடன் அறிக்கையும், இப்படி எண்களை மட்டும் வைத்துத் தரத்தை அளப்பதைப் பற்றித்தான் எச்சரிக்கின்றன. தேர்வாளர்கள் இவற்றைப் படித்திருப்பார்கள். 1970-இல் வந்த கட்டுரையையும் 2020-இல் வந்த கட்டுரையையும் ஒப்பிட வேண்டுமானால் ஆண்டுக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள்.

படங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் முப்பது படம் தரும் என்பதற்காக முப்பதையும் ஒட்டுவது இப்போது ஒரு வியாதியாகிவிட்டது. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் மூன்று நான்கு போதும். மற்றவை பின்னிணைப்பில் இருக்கட்டும்.

கடைசியாக, சொற்கோப்பையும் கட்டுரைகளின் டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிலையான இணைய அடையாள எண்) பட்டியலையும் ஸெனோடோ போன்ற இலவச ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றி வையுங்கள். ஸ்கோப்பஸிலிருந்து இறக்கிய முழுக் கோப்பை அங்கே ஏற்றக் கூடாது, உரிம நிபந்தனை இடம் தராது. உங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுத் தரவுக் கொள்கை என்று ஒன்று இருக்கும். ஏற்றுவதற்கு முன் துறைசார் நூலகரிடம் ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். தேடல் தொடரையும் அதே மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினால், நீங்கள் கவனிக்காத ஓட்டை ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்வார்கள்.